இயந்திரத்திற்கு ஒரு துபாஷி

2016-ஆம் ஆண்டு தை மாதத்தில் ஒரு நாள், காசிமேட்டைச் சேர்ந்த ஒரு பெண்மணி என் அறைக்கு வந்து நின்றார். அப்பொழுது நான் திருவொற்றியூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் தலைமையாசிரியனாக இருந்தேன். அவர் எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை படித்தவர். கணவர் கடலில் தவறிவிட்டார். உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வயதுச் சான்று வேண்டும். கையில் இருந்த காகிதங்களெல்லாம் முந்தின மாதத்து வெள்ளத்தில் போய்விட்டன. "பள்ளிக்கூடத்துப் பதிவேட்டிலே இருக்குமே, ஐயா," என்றார். பதிவேட்டில் இருந்தது, ஆனால் பதிவேடு இல்லை. 2015 டிசம்பர் வெள்ளம் எங்கள் அலுவலக அறையையும் விட்டுவைக்கவில்லை. சேர்க்கைப் பதிவேடுகள் ஊறி, தாளோடு தாள் ஒட்டிக் கட்டியாகக் கிடந்தன. கணிப்பொறியும் நீரில் மூழ்கிவிட்டது.

எஞ்சியிருந்தவை இரண்டு குறுந்தகடுகள். ஒன்றில் மாணவர் பதிவு நிரலும் அதன் கோப்புகளும். மற்றொன்றில் கட்டணக் கணக்கு நிரலும் அதன் கோப்புகளும். இரண்டையும் எங்களுக்கு எழுதிக் கொடுத்தவர்கள் எப்பொழுதோ கடையை மூடிவிட்டுப் போயிருந்தார்கள். அந்த இரண்டு தகடுகளில் ஒன்று அரை நாளில் வாய் திறந்தது. மற்றொன்று இன்றுவரை முழுமையாகத் திறக்கவில்லை. இரண்டுக்கும் என்ன வேற்றுமை என்று எனக்கு அன்று தெரியாது. தெரிந்துகொண்ட பிறகு, இதை ஏன் நாம் மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதில்லை என்று தோன்றிற்று. அதனால்தான் இன்றைய பேச்சுக்கு இந்தப் பொருளை எடுத்துக்கொண்டேன்.

மாணவர்களே, கணிப்பொறிக்கு நாம் எழுதும் கட்டளைத் தொகுதியை நிரல் என்கிறோம். நீங்கள் வகுப்பில் எழுதும் நிரல் ஏறத்தாழ மனித மொழியில் இருக்கிறது. சொற்கள் இருக்கின்றன, அடைப்புக்குறிகள் இருக்கின்றன. ஆனால் கணிப்பொறியின் உள்ளே இருக்கும் சில்லுக்குச் சொற்கள் தெரியா. அதற்குத் தெரிந்தவை எண்கள் மாத்திரமே. இந்த எண் வந்தால் கூட்டு, அந்த எண் வந்தால் நினைவகத்திலிருந்து எடு என்று, அதைச் செய்தவர்கள் வகுத்து வைத்திருக்கிறார்கள். அன்றியும், எல்லாச் சில்லுகளுக்கும் ஒரே அகராதி இல்லை. மேசைக் கணிப்பொறியில் பெரும்பாலும் காணப்படும் இன்டெல் வகைச் சில்லுக்கு ஓர் அகராதி. நம் கைப்பேசிகளில் உள்ள ஆர்ம் வகைச் சில்லுக்கு வேறோர் அகராதி. ஒன்றின் எண்கள் மற்றொன்றுக்கு வெறும் உளறல்.

எனவே, நாம் எழுதியதற்கும் இயந்திரம் உணர்வதற்கும் இடையே மொழிபெயர்ப்பு ஒன்று நிகழ்ந்தாக வேண்டும். அந்த மொழிபெயர்ப்பு எப்பொழுது நிகழ்கிறது, யாரால் நிகழ்கிறது என்பதில்தான் நாம் பேசப்போகும் இரு வகைகளும் பிரிகின்றன.

முதல் வகையில், நிரலை எழுதி முடித்தவுடன், அதை எழுதியவருடைய இடத்திலேயே, கம்பைலர் என்னும் தொகுப்பி அதை முழுவதும் சில்லின் எண்களாக மாற்றிவிடுகிறது. வாடிக்கையாளர் கைக்கு வருவது அந்த எண்கள் மட்டுமே. ஓட்டச் சொன்னால் சில்லு நேரே அவற்றை எடுத்துக்கொண்டு ஓடுகிறது. இடையில் ஒருவரும் இல்லை. சி, சி பிளஸ் பிளஸ் முதலிய மொழிகளில் எழுதப்படுபவை பெரும்பாலும் இவ்வாறே ஆகின்றன. இதை நேரடி இயந்திர நிரல் என்போம்.

நான் இராயபுரத்தில் வளர்ந்தவன். 1856-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் தென்னிந்தியாவின் முதல் பயணி ரயில் புறப்பட்ட நிலையம் எங்கள் தெருவிலிருந்து கூப்பிடு தூரம். அந்தப் பாதை அகலப் பாதை. தண்டவாளங்களுக்கு இடையே ஐந்தடி ஆறங்குலம். எழும்பூரிலிருந்து தெற்கே சென்றதோ, என் இளமையில், மீட்டர் பாதை. இராயபுரத்து வண்டி எவ்வளவு வலுவுடையதாயினும் எழும்பூர்த் தண்டவாளத்தில் ஒரு கெஜம் கூட ஓடாது. இரண்டு பாதைகளும் சந்திக்கும் இடங்களில் மூட்டைகளை ஒரு வண்டியிலிருந்து இறக்கி மற்றொன்றில் ஏற்றுவார்கள். நேரடி இயந்திர நிரலும் அத்தகையதே. எந்தச் சில்லுக்கென்று, எந்த இயங்குதளத்திற்கென்று வார்க்கப்பட்டதோ, அங்கே அதற்கு இணையான வேகம் வேறு இல்லை. வேறிடத்தில் அதற்கு இடமே இல்லை.

இரண்டாம் வகைக்கு வருவோம். இதைச் சொல்ல எனக்கு நம் சென்னையின் பழைய சொல் ஒன்று உதவுகிறது: துபாஷி. இரண்டு பாஷை அறிந்தவர் என்று பொருள். கும்பெனி வணிகர் காலத்தில், கப்பலிலிருந்து இறங்கிய வெள்ளைக்காரருக்குத் தமிழும் தெலுங்கும் தெரியாது. நம் நெசவாளருக்கு அவர் மொழி தெரியாது. நடுவே துபாஷி நின்று இரு பக்கமும் பேசினார். பெரம்பூரில் 1709-இல் பிறந்து, புதுச்சேரியில் டூப்ளேயின் துபாஷியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். துபாஷி வெறும் மொழிபெயர்ப்பாளர் அல்லர் என்பது அதிலிருந்து விளங்கும். கணக்குப் பார்ப்பார், ஆளை எடைபோடுவார், தகாத பேரத்தைத் தடுப்பார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இரண்டாம் வகை நிரலில், தொகுப்பி நம் எழுத்தைச் சில்லின் மொழியாக மாற்றுவதில்லை. எந்தச் சில்லுக்கும் சொந்தமில்லாத ஒரு நடு மொழியாக மாற்றி நிறுத்திக்கொள்கிறது. அதில் ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு பைட்டு அளவில் ஓர் எண் இருப்பதால் அதற்குப் பைட்கோடு என்று பெயர் வந்தது. ஜாவா மொழியிலிருந்து ஓர் உதாரணம் காட்டுகிறேன். தாளும் பென்சிலும் இருந்தால் எழுதிக்கொள்ளுங்கள். முதற் பெட்டியில் ஓர் எண் இருக்கிறது, இரண்டாம் பெட்டியில் ஓர் எண் இருக்கிறது. இரண்டையும் கூட்டி மூன்றாம் பெட்டியில் வைக்க வேண்டும். இதற்கு ஜாவாவின் பைட்கோடு நான்கே எண்கள்: 27, 28, 96, 62. இருபத்தேழு என்றால் முதற் பெட்டியில் உள்ளதை எடுத்து ஓர் அடுக்கின் மேல் வை. இருபத்தெட்டு என்றால் இரண்டாம் பெட்டியில் உள்ளதை எடுத்து அதன்மேல் வை. தொண்ணூற்றாறு என்றால் அடுக்கின் மேலுள்ள இரண்டையும் எடுத்துக் கூட்டி, விடையை அங்கே வை. அறுபத்திரண்டு என்றால் அந்த விடையை மூன்றாம் பெட்டிக்குக் கொண்டு போ. விருந்து வீட்டில் இலை அடுக்குகிற வேலைதான்.

இந்த நான்கு எண்களும் இன்டெல் சில்லுக்கும் புரியா, ஆர்ம் சில்லுக்கும் புரியா. இவற்றை நேரடியாகவே உணரும் சில்லுகளைச் செய்து பார்த்தவர்களும் உண்டு, அவை நிலைக்கவில்லை. ஆகவே ஒவ்வொரு கணிப்பொறியிலும் முன்னதாகவே ஒரு துபாஷியை அமர்த்தி வைக்க வேண்டும். அந்தத் துபாஷியும் ஒரு நிரலே. அதற்கு மெய்நிகர் இயந்திரம் என்று பெயர். நடு மொழியைக் கேட்டு, தான் அமர்ந்திருக்கும் சில்லின் மொழியில் அது சொல்கிறது. நிரலை எழுதியவர் ஒருமுறை எழுதினால் போதும்; துபாஷி இருக்கும் இடமெல்லாம் அது ஓடும்.

இந்த எண்ணம் புதியதன்று. 1970-களிலேயே கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் பாஸ்கல் மொழிக்கு இப்படி ஒரு நடு மொழியை வகுத்துப் பல்வேறு சிறு கணிப்பொறிகளில் ஓட்டினார்கள். ஆயினும் உலகமெங்கும் இதைப் பரப்பியது ஜாவா. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் ஜேம்ஸ் காஸ்லிங் என்பவர் முன்னின்று உருவாக்கிய அம்மொழி 1995-இல் வெளியாயிற்று. பிறகு 2002-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் டாட் நெட் என்ற பெயரில் தன் துபாஷியைக் கொண்டுவந்தது.

'ஒவ்வொரு சொல்லையும் கேட்டுக் கேட்டு மொழிபெயர்த்தால் வேலை மந்தமாகாதா?' என்று நீங்கள் கேட்கக்கூடும். ஆகும். தொடக்க காலத்து ஜாவாவை மந்தம் என்று எல்லோரும் ஏசினார்கள். ஏச்சில் நியாயமும் இருந்தது. ஆனால் புத்தியுள்ள துபாஷி என்ன செய்வார்? துரை நாள்தோறும் சொல்லும் அதே வாக்கியத்தை நாள்தோறும் புதிதாக மொழிபெயர்ப்பாரா? ஒருமுறை எழுதி மடியில் வைத்துக்கொள்வார். அடுத்த முறை சீட்டை நீட்டுவார். மெய்நிகர் இயந்திரமும் அதைக் கற்றுக்கொண்டது. நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே, எந்தப் பகுதி மீண்டும் மீண்டும் வருகிறது என்று எண்ணிப் பார்த்து, அந்தப் பகுதியை மட்டும் சில்லின் சொந்த எண்களாக மாற்றி வைத்துக்கொள்கிறது. அதன்பின் அந்தப் பகுதி நேரடி நிரலின் வேகத்திற்கு நெருங்கி ஓடுகிறது. சில வேளைகளில் அதையும் முந்துவதுண்டு. ஏனெனில் எந்தச் சில்லில் ஓடுகிறோம், எப்படிப்பட்ட எண்கள் வருகின்றன என்பதெல்லாம் அப்பொழுது கண்முன் தெரிகின்றன. முன்கூட்டியே எழுதியவருக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. என்றாலும் முதற் சில கணங்களில் தயக்கமும், துபாஷியைக் குடிவைக்க வேண்டிய நினைவகச் செலவும் இருக்கவே இருக்கின்றன.

இப்பொழுது, துபாஷி கணக்கும் பார்ப்பார் என்று சொன்னதற்கு வருவோம். இந்த வகை நிரலை மேற்பார்வையில் ஓடும் நிரல் என்றும் சொல்கிறார்கள். என் வகுப்பில் நாற்பது இருக்கைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாற்பத்தோராம் இருக்கையில் ஒரு மதிப்பெண்ணை எழுதச் சொல்லி நிரலில் ஒரு பிழை. சி மொழியில் எழுதப்பட்ட நேரடி நிரல் என்ன செய்யும்? பெரும்பாலும் ஒரு கேள்வியும் கேளாமல் எழுதிவிடும். நாற்பத்தொன்று என்று ஓர் இருக்கை இல்லை. ஆனால் நினைவகத்தில் அந்த இடம் இருக்கிறது, அங்கே வேறு யாருடைய கணக்கோ இருக்கிறது. அது அழிந்துபோகும். பிழை ஓரிடத்தில், விளைவு வேறோரிடத்தில், அதுவும் பல நாட்களுக்குப் பிறகு. தெரிந்தே இப்படி எழுதச் செய்து கணிப்பொறியைக் கைப்பற்றுபவர்களும் உண்டு. 1988-இல் இணையத்தில் பரவிய மாரிஸ் புழு என்னும் நிரல் கையாண்ட வழிகளில் இதுவும் ஒன்று. தங்கள் மென்பொருள்களில் ஆண்டுதோறும் சரிசெய்யும் பாதுகாப்புக் குறைகளில் ஏறத்தாழ 70 விழுக்காடு நினைவகத்தைத் தவறாகக் கையாள்வதால் விளைந்தவை என்று மைக்ரோசாஃப்ட் பொறியாளர்கள் 2019-இல் கூறினார்கள்.

மேற்பார்வையில் ஓடும் நிரலில் நாற்பத்தோராம் இருக்கைக்கு எழுத முயன்றால், துபாஷி அங்கேயே கையைப் பிடித்துவிடுகிறார்: 'அப்படி ஓர் இருக்கை இல்லை' என்று பிழை சொல்லி நிறுத்துகிறார். நிரல் நின்றுபோவது நமக்கு எரிச்சல்தான். ஆனால் பொய்க் கணக்கு எழுதப்படவில்லை. மேலும், பயன்படுத்தி முடித்த நினைவகத்தைத் தாமே தேடிப் பொறுக்கித் திரும்பப் பெறுவதும் அவர் வேலை. குப்பை அகற்றல் என்று அதற்குப் பெயர். நேரடி நிரலில் பெரும்பாலும் இது எழுதுபவர் தலையில் விழும்.

அப்படியானால் எல்லாவற்றையும் துபாஷியிடமே விட்டுவிடலாமே என்று நினைத்தால் அதுவும் தவறு. எண்ணூருக்கு வாருங்கள். 1948-இல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கி, 1955-இல் அசோக் லேலண்டு என்று பெயர் மாறிய நிறுவனத்தின் தொழிற்சாலை அங்கே இருக்கிறது. இக்காலத்துப் பேருந்து, லாரி எஞ்சின்களில், எரிபொருளை எப்பொழுது எவ்வளவு பீச்ச வேண்டும் என்று முடிவு செய்வது ஒரு சிறு கணிப்பொறி. கணக்குப் போடுங்கள். நிமிடத்திற்கு 2400 சுற்று என்றால் நொடிக்கு நாற்பது சுற்று. ஒரு சுற்றுக்கு 25 மில்லி நொடி. ஆறு உருளைகள் உள்ள எஞ்சினில் ஒரு சுற்றுக்கு மூன்று முறை எரிபொருள் பாய வேண்டும். ஆக, ஏறத்தாழ எட்டு மில்லி நொடிக்கு ஒரு முறை. அந்த நேரத்தில் துபாஷி, 'சற்றுப் பொறுங்கள், குப்பையை அள்ளிவிட்டு வருகிறேன்' என்று இருபது மில்லி நொடி எடுத்துக்கொண்டால் என்னாவது? எஞ்சின் பொறுக்காது. ஆகவே அத்தகைய இடங்களில் இடையாள் இல்லாத நேரடி நிரலே வேலை செய்கிறது. எழுதுபவர் ஒவ்வொரு வரியையும் பலமுறை சோதிக்கிறார். நாற்பத்தோராம் இருக்கையைத் தாமே காவல் காக்கிறார். பள்ளிக்கூட மதிப்பெண் பட்டியலுக்கோ இருபது மில்லி நொடி ஒரு பொருட்டே அல்ல.

கடலுக்கும் இதில் பங்குண்டு. மீனவர்களுக்குக் காற்றின் வேகம், அலையின் உயரம், மீன் கிடைக்கக்கூடிய பகுதி ஆகியவற்றைக் கைப்பேசியில் அறிவிக்கும் 'மீனவர் நண்பன்' என்ற செயலியைத் தரமணியில் உள்ள எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் நடத்துகிறது. ஐதராபாத்தில் உள்ள கடல்சார் தகவல் மையத்தின் செய்திகள் அதில் தமிழில் வருகின்றன. முதலில் அது வந்தபோது, குவால்காம் நிறுவனத்தின் 'புரூ' என்னும் தளத்தில் ஓடிற்று. அத்தளத்துச் செயலிகள் கைப்பேசியின் சில்லுக்கென்றே வார்க்கப்பட்ட நேரடி நிரல்கள். அக்காலத்துக் கைப்பேசியின் சிறிய நினைவகத்துக்கு அது பொருத்தமாகவே இருந்தது; ஆனால் அந்தத் தளம் இல்லாத கைப்பேசியை வைத்திருந்தவருக்கு அச்செயலி இல்லை. பிறகு ஆண்ட்ராய்டு வந்தது. செயலியும் அதற்கு மாறிற்று. ஆண்ட்ராய்டுச் செயலிகளோ பெரும்பாலும் நடு மொழியில் வருபவை. காசிமேட்டில் ஒருவர் கையில் ஒரு கம்பெனிக் கைப்பேசி, மற்றவர் கையில் வேறொன்று. உள்ளே சில்லுகளும் வேறு வேறு. இருவருக்கும் ஒரே செயலி ஓடுகிறது.

ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் மேலே செல்ல மனமில்லை. ஆண்ட்ராய்டின் முதல் துபாஷிக்கு அதை எழுதிய டான் போர்ன்ஸ்டைன் சூட்டிய பெயர் 'டால்விக்'. அது ஐஸ்லாந்து நாட்டில் உள்ள ஒரு மீன்பிடி ஊரின் பெயர். ஆர்க்டிக் வட்டத்தின் அருகே ஒரு மீனவர் ஊரின் பெயரைத் தாங்கிய நிரல், பல ஆண்டுகள் நம் காசிமேட்டு மீனவர் சட்டைப்பையில் இருந்திருக்கிறது, இருவருக்கும் தெரியாது!

டால்விக்கின் கதை இன்னொன்றையும் காட்டுகிறது. 2014-இல் ஆண்ட்ராய்டின் ஐந்தாம் பதிப்பு வந்தபோது டால்விக்கை எடுத்துவிட்டு, வேறொரு துபாஷியை அமர்த்தினார்கள். அவர் செயலியைக் கைப்பேசியில் நிறுவும்போதே முழுவதையும் சில்லின் மொழிக்கு மாற்றி வைத்துவிடுவார். ஓட்டம் வேகமாயிற்று, நிறுவுவதற்கோ நெடுநேரம் பிடித்தது, இடமும் அடைந்தது. 2016-இல் ஏழாம் பதிப்பில் நடுவழியைக் கண்டார்கள்: முதலில் கேட்டுக் கேட்டு மொழிபெயர்ப்பது, அடிக்கடி வருவதைக் குறித்துக்கொள்வது, இரவில் கைப்பேசி மின்னூட்டத்தில் சும்மா கிடக்கும்போது குறித்ததை மட்டும் மாற்றி வைப்பது. ஆகவே நான் இதுவரை இரு வகை என்று சொன்னதை, நடுவே சுவர் எழுப்பிய இரண்டு அறைகள் என்று எண்ணிவிட வேண்டாம். இன்று இரண்டும் கலந்தே வாழ்கின்றன.

இனி என் இரண்டு குறுந்தகடுகளுக்கு வருகிறேன்.

மாணவர் பதிவு நிரலைப் புதிய கணிப்பொறியில் ஓட்டினோம். ஓடிற்று. ஆனால் பெயர்கள் இருக்க வேண்டிய இடத்தில் கோடும் புள்ளியும் கொக்கியுமாக ஏதோ தெரிந்தது. அந்நாளில் தமிழ் எழுத்துகளுக்கு ஒருங்குறி பரவலாக வழக்கத்திற்கு வரவில்லை. ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு எண் வரிசை. எங்கள் நிரலை எழுதியவர்களும் தங்களுக்கென்று ஒரு வரிசை வைத்திருந்தார்கள். அந்த எழுத்துரு இருந்த தட்டு வெள்ளத்தில் போயிற்று. பிறந்த தேதியைக் கூட எதோ ஒரு கணக்கில் ஒரே எண்ணாகச் சுருக்கி வைத்திருந்தார்கள்.

எங்கள் பழைய மாணவர் ஒருவர் மென்பொருள் வேலையில் இருப்பவர். ஞாயிற்றுக்கிழமை வந்தார். பதிவு நிரலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சார், இது டாட் நெட். கவலைப்படாதீங்க," என்றார். மொழிபெயர்ப்பைப் பின்னோக்கிச் செய்யும் கருவி ஒன்றில் அதை இட்டார். திரையில் வரிவரியாக, ஏறத்தாழ எழுதியவர் எழுதியபடியே, நிரல் வந்து நின்றது! நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். 'மாணவர்' என்று ஒரு பகுதி. அதனுள் 'பெயர்', 'பிறந்த நாள்', 'சேர்ந்த வகுப்பு' என்று உறுப்புகள். 'எழுத்தை மாற்று' என்று ஒரு செயல், அதனடியில் எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்ற முழு அட்டவணை. எல்லாம் ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ்ச் சொற்கள். எழுதியவர் யாரோ நம்மூர்க்காரர் என்பது பெயர்களிலேயே தெரிந்தது.

இது எப்படி இயன்றது? நடு மொழி சில்லுக்காக எழுதப்படுவதன்று, துபாஷிக்காக எழுதப்படுவது. எந்தப் பகுதியில் எந்த உறுப்பு இருக்கிறது, எந்தச் செயல் எதைக் கேட்கும், எதைத் தரும் என்பதெல்லாம் தெரிந்தால்தான் துபாஷி காவல் காக்க முடியும். ஆகவே பெயர்களும் அமைப்பும் நிரலோடு சேர்த்தே கட்டி அனுப்பப்படுகின்றன. எழுதியவர் ஓரத்தில் இட்ட குறிப்புரைகள் மட்டும் போய்விடும். செயலுக்குள் தற்காலிகமாக வைத்த பெயர்களும் பெரும்பாலும் போய்விடும். மற்றவை அப்படியே இருக்கும்.

மதியச் சாப்பாட்டுக்குள் பெயர்கள் தமிழில் வந்துவிட்டன.

பிறகு கட்டண நிரலை எடுத்தார். அது பழையது, நேரடி இயந்திர நிரலாக வார்க்கப்பட்டது. முகம் மாறிவிட்டது. சில்லுக்குப் பெயர் எதற்கு? இந்த முகவரிக்குத் தாவு, அந்த எண்ணை எடு, இதோடு கூட்டு: அவ்வளவே அதற்குப் போதும். வார்க்கும்போதே பெயர்களெல்லாம் உருகிப் போய்விட்டன. பல ஆயிரம் எண்கள் வரிசையாக நின்றன. எங்கே ஒரு செயல் முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்பதையே ஊகிக்க வேண்டியிருந்தது. பல ஞாயிற்றுக்கிழமைகள் வந்தார். பெற்றோர் சிலர் பத்திரமாக வைத்திருந்த பழைய இரசீதுகளை வாங்கி வந்து, அதில் உள்ள தொகை கோப்பில் எங்கே இருக்கிறது என்று தேடித் தேடிப் பொருத்தினோம். தொகைகள் கிடைத்தன, யாருடைய தொகை என்பது பாதிக்கும் மேல் கிடைக்கவில்லை. 2019-இல் அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை 'கித்ரா' என்னும் கருவியை எல்லோருக்கும் வெளியிட்டது. அதிலும் இட்டுப் பார்த்தார். வடிவம் ஓரளவு தெளிந்தது. பெயரில்லாத இடங்களில் அக்கருவி தானே முகவரி எண்ணைப் பெயராக ஒட்டி வைக்கிறது; போன பெயரைக் கொண்டுவர அதனாலும் ஆகாது.

இதைக் கேட்டுவிட்டு, நடு மொழியே நல்லது என்று தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்த மற்றொன்றையும் சொல்ல வேண்டும். திரையில் வரிகளை நகர்த்திக்கொண்டே வந்த அந்த இளைஞர் ஓரிடத்தில் நின்று சிரித்தார். நிரலின் தலைமைக் கடவுச்சொல் அங்கே வெட்டவெளிச்சமாக எழுதியிருந்தது. அது எங்கள் பள்ளியின் தொலைபேசி எண்! பன்னிரண்டு ஆண்டுகள் நான் அதை இரகசியம் என்று காத்து வந்தேன். உதவி ஆசிரியர்களுக்குக் கூடச் சொல்லவில்லை. அந்தத் தகடு கையில் கிடைத்த எவரும் ஐந்து நிமிடத்தில் படித்திருப்பார்; மதிப்பெண்ணையும் மாற்றியிருப்பார். எனக்கு உதவியாக வந்த திறவுகோல் திருடனுக்கும் பொருந்துவதே. இதை அஞ்சி, பெயர்களையெல்லாம் அ, ஆ என்று பொருளற்ற எழுத்துகளாக மாற்றி, ஓட்டத்தையும் வளைத்துக் குழப்பி அனுப்பும் வழக்கம் உண்டு. அதுவும் படிப்பவரைத் தாமதப்படுத்துமே அன்றித் தடுத்துவிடாது. நேரடி நிரலிலும் கடவுச்சொல்லை எழுதி வைத்தால் எழுத்துத் தொடரைத் தேடி எடுத்துவிடலாம் என்று அவர் கட்டண நிரலில் செய்து காட்டினார். அங்கும் அதே தொலைபேசி எண்தான்!

பிறர் எழுதிய நிரலைப் பிரித்துப் பார்க்கலாமா என்று நான் அவரிடம் கேட்டேன். ஆசிரியன் அல்லவா, கேட்காமல் இருக்க முடியுமா? நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, முறையாகப் பெற்ற நிரலைச் சில தேவைகளுக்காக ஆராய்வதற்கும் படியெடுப்பதற்கும் இடம் தருகிறது. தனியாக உருவாக்கிய வேறொரு நிரலோடு அது இணைந்து செயற்படுவதற்கு இன்றியமையாத தகவலைப் பெறுவதும் அவற்றுள் ஒன்று. விலை கொடுத்து வாங்கிய நிரலிலிருந்து எங்கள் பள்ளியின் பதிவுகளை நாங்களே மீட்டுக்கொள்வது வேறு. ஒருவர் உழைப்பைப் பிரித்தெடுத்துத் தம் பெயரில் விற்பது வேறு.

அந்தப் பெண்மணிக்குத் திங்கட்கிழமையே சொல்லி அனுப்பினேன். அவர் பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி, சேர்ந்த நாள், விலகிய நாள் எல்லாம் கிடைத்திருந்தன. ஒட்டிக் கிடந்த பதிவேட்டில் அந்த ஒரு பக்கத்தை மட்டும் நீராவி காட்டிப் பிரித்து, மங்கிய மையில் தெரிந்த வருடத்தோடு ஒப்பிட்டோம், பொருந்திற்று. அலுவலர் ஒப்புக்கொண்டார். சான்றிதழை வாங்கியவர் மெதுவாக எழுத்துக் கூட்டிப் படித்தார். தந்தை பெயரில் ஓர் எழுத்து பிழையாக இருக்கிறது என்றார், பார்த்தோம். அட்டவணையில் றகரத்துக்கும் ரகரத்துக்கும் எண்ணை நாங்கள் மாற்றிப் படித்திருந்தோம். திருத்தி, வேறு தாளில் அச்சிட்டுக் கொடுத்தேன்.

கட்டண நிரல் இருந்த தகடு இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அந்த மாணவர் சென்னைக்கு வரும்போதெல்லாம் கேட்டு வாங்கிச் சற்று நேரம் பார்த்துவிட்டுத் திருப்பித் தருகிறார்.